மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவருக்கு அனலாக் சிந்தசைசர் பெடல் உதவுமா? கீபோர்டின் வேலையை அது செய்துவிடுமா?

கேள்வி கேட்டவர் காவேரிப்பட்டணம் பக்கம் திருவிழாக் கச்சேரிகளுக்குப் போகும் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறார். குழுவில் கீபோர்டுக்கு ஒருவர்தான் இருக்கிறார், பேஸ் கிட்டாருக்கு ஆளே இல்லை. ஆகவே அனலாக் சிந்தசைசர் பெடல் (கிட்டாரின் ஒலியைச் சிந்தசைசர் ஒலியாக மாற்றும், காலால் இயக்கும் பெட்டி) ஒன்றை வாங்கினால் பாட்டின் அடியில் ஓடும் பேஸ் வரியையும், எண்பதுகளின் பாடல்களில் வரும் சிந்தசைசர் இடையிசைகளையும் தன் கிட்டாரிலேயே வாசித்துவிட முடியுமா என்று கேட்கிறார். தருமபுரியில் இதே வகைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பவன் என்ற முறையிலும், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் மைக்ரோ சிந்தசைசர் பெடலைக் காலடியில் வைத்திருப்பவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். பேஸ் வரி வரும், ஒற்றைச் சுரங்களாக நகரும் இடையிசையும் வரும். கார்டு பிடித்து, அதாவது பல சுரங்களை ஒருசேர ஒலிக்கவிட்டு, பின்னணியை நிரப்பும் வேலை மட்டும் ஒருநாளும் வராது. வருகிறவையும் பெடலின் விலையைப் பொறுத்து வருவதில்லை. உங்கள் வலது கை எவ்வளவு ஒழுங்காக மீட்டுகிறது என்பதைப் பொறுத்தே வருகின்றன.

இதற்கான காரணம் பெட்டிக்குள் நடக்கும் வேலையில் இருக்கிறது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், எந்தச் சுரம் என்பது கருவிக்கு முன்கூட்டியே தெரியும். கிட்டாரிலிருந்து வருவதோ அதிரும் தந்தியின் மின் அலை மட்டுமே. அனலாக் பெடல் அந்த அலையை எடுத்து அளவுக்கு மீறிப் பெருக்கி, மேலும் கீழும் வெட்டிச் சதுர அலையாக்குகிறது. அந்தச் சதுர அலையை இரண்டால் வகுக்கும் ஒரு சிறு மின்சுற்று, ஒவ்வோர் இரண்டு அதிர்வுக்கும் ஓர் அதிர்வை வெளியே விடுவதால், ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஒலி பிறக்கிறது. அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடும் இன்னொரு சுற்றிலிருந்து ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஒலி பிறக்கிறது. ஆக, கிட்டாரின் சொந்த ஒலி, கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி, சதுர அலை என நான்கு குரல்கள் நான்கு நகர்த்திகளில் (மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடர்களில்) வந்து நிற்கின்றன. அவற்றை வேண்டிய அளவில் கலந்து, உச்ச அதிர்வுகளை வடிகட்டி நீக்கும் ஃபில்டர் ஒன்றின் வழியாக வெளியே அனுப்புவதுதான் மைக்ரோ சிந்தசைசரின் முழு வேலை. இந்தப் பெடல் 1970களின் இறுதியில் வந்தது. பெட்டியின் அளவு சிறுத்திருக்கிறதே தவிர, அடிப்படை அமைப்பு அப்படியே தொடர்கிறது.

இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே விளங்கும். இரண்டு அலைகளும் கலந்து ஒழுங்கற்ற ஒரே அலையாகி உள்ளே போகும். வகுக்கும் சுற்று எதை எண்ணுவது என்று தெரியாமல், ஒரு நொடி இந்தச் சுரத்துக்கும் மறுநொடி அந்தச் சுரத்துக்கும் தாவி, கரகரவென்று இரைச்சலைக் கொட்டும். இது பெடலின் கோளாறு அன்று, அமைப்பே அப்படித்தான். கார்டுகளுக்கும் சிந்தசைசர் ஒலி வேண்டுமென்றால், பாஸ் நிறுவனத்தின் எஸ்ஒய்-1, எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் சிந்த்9 போன்ற டிஜிட்டல் பெடல்களையே பார்க்க வேண்டும். அவை பல சுரங்களைச் சேர்ந்தாற்போல் கையாளும். அல்லது ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த ஜிஆர்-300 போல, தந்தியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்பை ஆறு தந்திக்கும் தனித்தனியாக வைக்கும் வழிக்குப் போக வேண்டும். அந்த வழி செலவு மிகுந்தது, கிட்டாரிலும் கை வைக்க வேண்டியது. கிட்டாரைச் சிந்தசைசராக்கும் ஆசையில் ஏஆர்பி நிறுவனம் 1977இல் வெளியிட்ட அவதார் என்ற கருவி விற்பனையில் படுத்துப்போய், நான்கே ஆண்டுகளில் அந்த நிறுவனமே மூடப்பட்டது என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் நான் அனலாக் பெடலை விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தந்தியின் சுருதியை அளந்து கண்டுபிடித்து, பிறகு ஒலியை உருவாக்கும் கருவிகளுக்கு, குறைந்தது ஓர் அதிர்வு முழுவதையாவது பார்த்தாக வேண்டும். கிட்டாரின் தடித்த ஈ தந்தி நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது. அதாவது ஓர் அதிர்வுக்கே 12 மில்லிநொடி ஆகிறது. வேகமான பேஸ் வரியில் இந்தத் தாமதம் விரலுக்குத் தெரியும், தாளக்காரருடன் சேராமல் பின்னால் இழுக்கும். அனலாக் பெடலோ எதையும் அளப்பதில்லை. வரும் அலையை வந்த வேகத்திலேயே வெட்டி வகுத்து அனுப்புகிறது. அதைவிட முக்கியமாக, நீங்கள் தந்தியை இழுத்து அசைத்தாலும், ஒரு ஃப்ரெட்டிலிருந்து (கிட்டாரின் கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டை) இன்னொன்றுக்குச் சறுக்கினாலும், கீழ் ஸ்தாயிக் குரல் அதே நெளிவோடு கூடவே வருகிறது. சுருதியைப் படிப்படியாக எண்ணும் கருவிகளில் கமகம் உடைந்து போவதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். நம்மூர்ப் பாடல்களில் சுரத்தை நேராக நிறுத்தி வைக்கும் இடங்கள் குறைவு. ஜாருவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது) அசைவும்தான் பாட்டு. அதற்கு இந்தப் பழைய முறையே ஒத்துவருகிறது.

இனி வாசிக்கும் முறைக்கு வருகிறேன். கழுத்துப் பக்கப் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். தந்திகள் கட்டியிருக்கும் பாலத்துப் பக்கப் பிக்கப்பில் மேல் அதிர்வுகள் அதிகம். அவை அலையை ஓர் அதிர்வுக்குள்ளேயே பலமுறை ஏற்றி இறக்குவதால், வகுக்கும் சுற்று ஏமாந்து சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் துள்ளும். 5ஆம் ஃப்ரெட்டுக்கும் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவில் சுரம் உருண்டையாக இருக்கும். திறந்த தந்திகளை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். வாசிக்காத தந்திகள் அனைத்தும் ஊமையாக இருக்க வேண்டும். வலது உள்ளங்கையின் விளிம்பு கீழ்த்தந்திகளின் மேலும், இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மேல்தந்திகளின் மேலும் லேசாகப் படிந்திருக்கட்டும். சாதாரணமாக வாசிக்கும்போது காதில் விழாத ஒரு தந்தியின் முனகல்கூட, இந்தப் பெருக்கத்தில் பூதாகரமாகி, நீங்கள் மீட்டிய சுரத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்தது, ஒரு சுரத்துக்கும் மறு சுரத்துக்கும் இடையே விட வேண்டிய சிறு இடைவெளி. ஃபில்டர் தானாக நகரத் தொடங்குவதற்கு ‘இப்போது ஒரு புதிய சுரம் வந்திருக்கிறது’ என்ற குறிப்பு அதற்குத் தேவை. ஒலியின் அளவு சட்டென்று ஏறுவதைத்தான் பெடல் அந்தக் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. முந்தைய சுரம் இன்னும் உரக்க ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை மீட்டினால், ஏற்றமே இல்லாததால் ஃபில்டர் அசையாமல் கிடக்கும்; நான்கு சுரங்களில் முதல் சுரம் மட்டும் ‘பவ்’ என்று திறந்து, மற்ற மூன்றும் சப்பென்று விழும். எனவே ஒவ்வொரு சுரத்தையும் விரலைத் தளர்த்தி ஒரு நூலிழை முன்னதாகவே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுங்கள். அந்தக் குறிப்பு எவ்வளவு எளிதில் எழ வேண்டும் என்பதை வைக்கும் ட்ரிக்கர் நகர்த்தியை, நீங்கள் மெதுவாக மீட்டும் சுரத்துக்கும் ஃபில்டர் எழும் அளவுக்கு ஏற்றி, கை தந்தியில் உரசும் சத்தத்துக்கெல்லாம் எழாத அளவில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கிட்டாருக்கும் இது மாறும். வேறொருவர் வைத்திருக்கும் அளவைப் பார்த்து அப்படியே வைப்பதில் பயனில்லை.

பேஸ் வரிக்கு நான் வைத்திருக்கும் அளவுகளைச் சொல்கிறேன், தொடக்கத்துக்கு உதவும். கீழ் ஸ்தாயி முக்கால் பங்கு, சதுர அலை கால் பங்கு, கிட்டாரின் சொந்த ஒலி மீட்டும் நுனி தெரிவதற்காகக் கொஞ்சமே கொஞ்சம், மேல் ஸ்தாயி பூஜ்யம். ஃபில்டரின் ஸ்டார்ட் நகர்த்தியை மேலேயும் ஸ்டாப் நகர்த்தியைக் கீழேயும் வைத்தால், சுரம் பளிச்சென்று தொடங்கி மங்கிக்கொண்டே போகும். எண்பதுகளின் சிந்தசைசர் பேஸ் அதுதான். இரண்டையும் தலைகீழாக மாற்றினால் சுரம் மூடிய நிலையிலிருந்து மெல்லத் திறக்கும், அது இடையிசைக்கு நன்றாக இருக்கும். ரேட் நகர்த்தி அந்தப் பயணத்தின் வேகம். பாட்டின் காலப்பிரமாணத்துக்கு ஏற்ப அதை மாற்றியே ஆக வேண்டும். ஃபில்டர் வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ஒலி மூக்கால் பேசத் தொடங்கும், பாடகரின் குரலோடு மோதும். அட்டாக் டிலே நகர்த்தியை உயர்த்தினால் மீட்டும் நுனி மறைந்து, வில் போட்டு இழுத்ததுபோல் சுரம் ஊர்ந்து எழும். மெதுவான பாடல்களின் தொடக்கத்தில் கேட்பவர்கள் திரும்பிப் பார்க்கும் ஒலி அது.

ஈ தந்தியின் 82.4 ஹெர்ட்ஸ் ஒரு ஸ்தாயி இறங்கினால் 41.2 ஹெர்ட்ஸ் ஆகிறது, பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியும் அதே சுருதிதான். ஆகவே சுரக் கணக்கில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக ஓய்ந்துவிடும். வீட்டில் சிறிய ஆம்ப்பில் கேட்டுவிட்டு ‘பேஸே வரவில்லை’ என்று பெடலைத் திட்டுவோர் பலர். கச்சேரியில் பெடலின் வெளியீட்டை டிஐ பாக்ஸ் (கிட்டார் ஒலியை மிக்சருக்கு ஏற்றதாக்கும் சிறு பெட்டி) வழியாக நேராக மிக்சருக்குக் கொடுத்து, மைக் செட்காரரின் பேஸ் பாக்ஸில் கேளுங்கள். அதே சமயம், கீழ் ஸ்தாயியை அடக்கி வாசியுங்கள். திறந்த வெளியில் கட்டிய பலகை மேடையில் தபேலாவும் டிரம்ஸும் அந்த இடத்தைத்தான் நிரப்பியிருக்கும்.

பெடல்களின் வரிசையில் சிந்தசைசரைக் கிட்டாருக்கு அடுத்தே வையுங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனோ, ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கம்ப்ரஸரோ அதற்கு முன்னால் வந்தால், மெதுவாக மீட்டுவதும் அழுத்தி மீட்டுவதும் ஒரே அளவாகத் தட்டையாகிவிடும், ஃபில்டருக்குக் குறிப்பே கிடைக்காது. எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் ஆகியவை கட்டாயம் பின்னால்தான். வால்யூம் பெடலும் பின்னால் இருப்பதே நல்லது.

நம் பகுதித் திருவிழா மேடைகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது மின்சாரம் பற்றி. மேடையைச் சுற்றி சீரியல் செட் விளக்குகள், பக்கத்தில் ஜெனரேட்டர், ஒரே பிளக் பாக்ஸில் எல்லாருடைய அடாப்டர்களும் என்ற சூழ்நிலையில், சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் உள்ள கிட்டார் 50 ஹெர்ட்ஸ் உறுமலை வாரிக்கொள்ளும். மற்ற பெடல்களில் அது வெறும் தொல்லைதான். இந்தப் பெடலிலோ, நீங்கள் வாசிக்காமல் நிற்கும்போதே உறுமல் உள்ளே போய், சதுர அலையாகிப் பேஸ் பாக்ஸை உலுக்கும். உறுமலைத் தணிக்கும் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாரைக் கொண்டு போங்கள். எர்த் உள்ள பிளக் பாயிண்டைக் கேட்டு வாங்குங்கள். பாட்டு முடிந்ததும் காலால் பெடலை அணைத்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பென்னாகரம் பக்கம் ஓர் ஊர்க் கச்சேரியில், அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சீரியல் செட்டைப் போட்டதும் எங்கள் பக்கத்துப் பேஸ் பாக்ஸ் தானாகவே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூட்டம் அதையும் கைதட்டி வரவேற்றது வேறு கதை.

வாங்குவதற்கு முன் உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு பெங்களூருவுக்குப் போய் வாசித்துப் பார்ப்பதே சரி; கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர்தான். கடைக்காரரின் கிட்டாரில் நன்றாக ஒலிப்பது உங்கள் பிக்கப்பில் அப்படியே ஒலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இப்போது வரும் மைக்ரோ சிந்தசைசருக்கு 24 வோல்ட் அடாப்டர் வேண்டும், வழக்கமான 9 வோல்ட் அடாப்டர் உதவாது. பழையதாக வாங்கினால் அதன் சொந்த அடாப்டரும் உடன் வருகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெடலாக இருந்தால், அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதை அதன் மேல் அச்சிட்டிருப்பதில் படித்த பிறகே செருகுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் அடாப்டர் இங்கே நொடியில் புகைந்துவிடும். பிறகு பத்து நகர்த்திகளையும் ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளிக் கேளுங்கள். கரகரப்பு வந்தால் உள்ளே தூசி சேர்ந்திருக்கிறது என்று பொருள். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம். கடைசியாக, ஜி தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை மீட்டி, கீழ் ஸ்தாயிக் குரலை மட்டும் ஏற்றி, அது ஓயும்வரை விட்டுக் கேளுங்கள். முடியும் தறுவாயில் கொஞ்சம் தடுமாறுவது இயல்பு. தொடக்கத்திலேயே தடுமாறினால், டோன் குமிழை இறக்கிய பிறகும் தடுமாறினால், அந்தப் பெடலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.