மொட்டை மாடியில் சோலார் இருந்தும் மின்தடையில் இருட்டு ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் பெற்று, எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்திருக்கிறோம். கரண்ட் போனால், உச்சி வெயிலில்கூட மின்விசிறி நின்றுவிடுகிறது. நிறுவியவரைக் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார். கஜா புயலுக்குப் பிறகு பல நாள் இருட்டில் கிடந்தவர்கள் நாங்கள். இனி அப்படி ஒரு நிலை வரக்கூடாது என்பதற்காகவே இதில் பணம் போட்டோம். பேட்டரி சேர்க்க வழி உண்டா? எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேதாரண்யம் வட்டம்

பதில்: நிறுவியவர் சொன்னது உண்மைதான், ஐயா. ஆனால் அது பணம் வாங்குவதற்கு முன்பே தங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய உண்மை. சோலார் தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றதாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். தங்கள் வீட்டில் இருப்பது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து மட்டுமே இயங்கும் வகை. கம்பியில் மின்சாரம் நின்ற உடனேயே அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. துணை மின்நிலையத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் கையில் இருக்கும் கம்பிக்கு, ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பின், சேற்றிலும் மழையிலும் நின்று கம்பம் நட்டவர்களைத் தாங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். இந்த விதி அவர்களுக்கானது. அதில் எந்த விலக்கும் கேட்கக்கூடாது.

பேட்டரி சேர்க்க வழி உண்டு. இப்போதைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் பொருத்துவது ஒன்று. மின்தடையின்போது இது வெளிக் கம்பியிலிருந்து வீட்டை முழுமையாகப் பிரித்துவிட்டு, பேட்டரியின் துணையோடு வீட்டுக்குள் மட்டும் மின்சாரம் தரும். பகலில் சோலாரும் தொடர்ந்து வேலை செய்து பேட்டரியை நிரப்பும். இப்போதைய இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் பேட்டரிக்கென்று தனி இன்வெர்ட்டர் ஒன்றை இணைப்பது மற்றொன்று. இதில் இரண்டு கருவிகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், அனுபவமுள்ள நிறுவுநர் கிடைக்காவிட்டால் முதல் வழியையே பரிந்துரைப்பேன். எதைச் செய்தாலும் மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அந்தத் திட்டத்தின் மானியம், முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயுமாக, அதிகபட்சம் 78,000 ரூபாய் என்பது தங்களுக்குத் தெரியும். பேட்டரிக்கு அதில் மானியம் இல்லை; அந்தச் செலவு முழுவதும் நம்முடையதே.

அளவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மாடியில் 3 கிலோவாட் இருப்பதால் பேட்டரியும் இத்தனை இருக்க வேண்டும் என்று யாராவது கணக்குச் சொன்னால் ஏற்காதீர்கள். மின்சாரம் இல்லாத ஒரு முழு நாளில் எந்தெந்தக் கருவிகள் நிற்கக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள். பேட்டரியின் அளவு அந்தப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். நான்கைந்து பேர் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மூன்று, பத்து மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு 0.27 யூனிட். குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 யூனிட். தொலைக்காட்சி மூன்று மணி நேரத்துக்கு 0.24, கைபேசிகளுக்கும் இணைய இணைப்புக்கும் 0.3 என்று வைத்தால், மொத்தம் 2.9 யூனிட் வருகிறது.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 5.12 யூனிட். அதில் 90 விழுக்காட்டைப் பயன்படுத்தி, இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் கழித்தால், கைக்குக் கிடைப்பது சுமார் 4.1 யூனிட். மேலே சொன்ன வீட்டுக்கு இது ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதே வீட்டில் பழைய 75 வாட் மின்விசிறிகள் இருந்தால், தேவை 4.26 யூனிட்டாக ஏறி, அதே பேட்டரி ஒரு நாளுக்கே போதாமல் போகும். ஆகவே பேட்டரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் மின்விசிறிகளை மாற்றிவிடுங்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட அது மிகவும் மலிவு.

நம் பகுதியில் நீண்ட மின்தடை வருவது பெரும்பாலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அப்போது வானமும் மூடியிருக்கும். தெளிவான நாளில் 1 கிலோவாட் தகடு ஏறத்தாழ 4 யூனிட் தருகிறது, ஆகவே தங்கள் மாடியில் 12 யூனிட் வரை கிடைக்கும். கருமேகம் கவிந்த நாளில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் அது 2.4 யூனிட். புயல் அடிக்கும் அன்று அதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாள் முதல், இந்தச் சிறிய வரவும் பேட்டரியின் இருப்பும் சேர்ந்து, 2.9 யூனிட் செலவுள்ள வீட்டைப் பல நாள் தாங்கும். செலவு 6 யூனிட்டாக இருக்கும் வீடு, இதே போன்ற பேட்டரி இரண்டு வைத்திருந்தாலும், மேகம் விலகாவிட்டால் மூன்றாம் நாளுக்குள் தடுமாறும். பட்டியலைச் சுருக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னும் ஒன்று. ஹைப்ரிட் இன்வெர்ட்டரில், பேட்டரியில் எத்தனை விழுக்காட்டை மின்தடைக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. இரவுப் பயன்பாட்டில் பேட்டரி வடிந்துவிட்ட நிலையில் அதிகாலையில் மின்சாரம் போனால், எல்லாம் வீண். கோடையில் 40 விழுக்காடு ஒதுக்கினால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை 80க்கு மேல் ஏற்றிவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே 100 ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. சோலார் போடும்போது லித்தியத்துக்கு மாறச் சொல்கிறார்கள். லித்தியம் தீப்பிடிக்கும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. தரைத்தள வீடு, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும்.
- இல்லத்தரசி, வேளச்சேரி, சென்னை

பதில்: முதலில் ஒரு கேள்வியைத் தங்களிடமே கேட்கிறேன், அம்மா: தங்கள் தெருவில் மின்சாரம் போனால் எவ்வளவு நேரத்தில் வருகிறது? வழக்கமாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது என்றால், இப்போதுள்ள இன்வெர்ட்டரே போதும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, சோலாரைத் தனியாக, பேட்டரி இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லாத பொருளை வாங்க வேண்டாம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

2016 டிசம்பரில் வர்தாவும் 2023 டிசம்பரில் மிக்ஜாமும் வந்தபோது பட்ட பாட்டை எண்ணித்தான் கேட்கிறீர்கள் என்றால், லித்தியத்துக்கு மாறுவது சரியே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட், அதன் ஆயுளைக் காக்க வேண்டுமானால் பாதியைத்தான் எடுக்க வேண்டும். லித்தியத்தில் 90 விழுக்காடு வரை எடுக்கலாம். வடிநீர் ஊற்றும் வேலையும் இல்லை.

அச்சத்தைப் பொறுத்தவரை, லித்தியத்தில் பல வகைகள் உண்டு. வீட்டுச் சேமிப்புக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைக் கேளுங்கள். விற்பவர்கள் இதை எல்.எஃப்.பி. என்பார்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகையைவிட இது அதிக வெப்பத்தைத் தாங்கும்; எளிதில் பற்றிக்கொள்ளாது. எந்த வகை என்பதை வாய்ச்சொல்லாக ஏற்காமல் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதத்தையும் முழுமையாகப் படியுங்கள். ‘10 ஆண்டு’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். உள்ளே, இத்தனை ஆண்டு அல்லது இத்தனை முறை ஏற்றி இறக்குவது, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்றும், முடிவில் எத்தனை விழுக்காடு கொள்ளளவு மிஞ்சியிருக்கும் என்றும் எழுதியிருக்கும். அந்த வரிகள்தான் உண்மையான உத்தரவாதம்.

வைக்கும் இடம் தங்களுக்கு மிக முக்கியம். சென்ற வெள்ளங்களில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு இரண்டடி மேலே, உறுதியான சுவரில் பொருத்தச் சொல்லுங்கள். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் அங்கே ஏறும் சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும். படுக்கையறையிலும், வெளியேறும் வழியிலும் வேண்டாம். வெள்ளம் வீட்டுக்குள் வரத் தொடங்கினால், இன்வெர்ட்டரையும் தகடுகளிலிருந்து வரும் டி.சி. இணைப்பையும் நிறுத்திவிடுங்கள். ஆனால் வெளிச்சம் இருக்கும்வரை தகடுகளை யாராலும் அணைக்க முடியாது. 3 கிலோவாட் அமைப்பில் ஆறு தகடுகள் தொடராக இணைந்திருந்தால், அந்தக் கம்பியில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் நிற்கும். நனைந்த கருவியின் அருகே ஒருவரும் போக வேண்டாம்.

கேள்வி: என் தாயாருக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் தேவைப்படுகிறது. இரவில் மின்சாரம் போனால் பதறிப்போகிறோம். பேட்டரி வாங்கிவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பேட்டரி வாங்குங்கள். ஆனால் பேட்டரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். 5.12 யூனிட் பேட்டரி, வேறு எதுவும் ஓடாதபோது, அதைச் சுமார் 12 மணி நேரம் தாங்கும். இரவு முழுவதற்கும் போதும். இடையறாமல் ஓட வேண்டும் என்றால் நாளொன்றுக்கு 8.4 யூனிட் ஆகிறது. மேகமூட்டமான நாளில் சோலாரால் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே நிரப்பிய சிலிண்டர் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். 1,500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், 12 மணி நேரம் வரும். தாயாருக்கு எந்த அளவு வேண்டும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அவரிடம் மின்தடையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள்.

ஒரு சிறிய பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தாயாரின் அறைக்கு மட்டும் தனியாக வைப்பது, வீடு முழுவதற்குமான அமைப்பில் அவரைச் சேர்ப்பதைவிட நல்லது என்று கருதுகிறேன். யாரோ மிக்சியைப் போட்டதால் இன்வெர்ட்டர் நின்றுபோனது என்ற பேச்சே அங்கு எழக்கூடாது.

கேள்வி: ஏ.சி., போர்வெல் மோட்டார், வெந்நீர்க் கருவி அனைத்தும் பேட்டரியில் ஓடும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓடும். ஆனால் எவ்வளவு நேரம் ஓடும் என்று அவரிடம் கேளுங்கள். 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரத்தில் 1 யூனிட்டை விழுங்கிவிடும். மூன்று மின்விசிறிகள் ஓரிரவு முழுதும் ஓடுவதற்கான மின்சாரம் அது. மோட்டாரின் சிக்கல் வேறு. 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் நேரடியாகத் தொடங்கும்போது, கண நேரத்துக்கு, வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அதைத் தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றுவிடும். தங்கள் போர்வெல் மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால், ஒருமுனை இன்வெர்ட்டரால் அதை நேரடியாக இயக்கவே முடியாது.

இருந்தாலும், தண்ணீரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கஜாவுக்குப் பிறகு டெல்டா ஊர்களில் ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து மக்கள் முதலில் செய்தது மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொண்டதுதான். தரைத் தொட்டி இருந்தால், அதிலிருந்து மாடிக்கு ஏற்ற அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை மட்டும் பேட்டரிப் பக்கம் இணையுங்கள்; வெயில் இருக்கும் நேரத்தில் அதை ஓட்டுங்கள். ஏ.சி.யை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேட்டரி வைத்தால் மின்கட்டணம் குறையுமா?
- வாசகி, மதுரை

பதில்: நெட் மீட்டர் உள்ள வீட்டில், பகலில் மிஞ்சும் யூனிட் கம்பிக்குப் போய், இரவில் எடுப்பதோடு கணக்கில் கழிகிறது. அதைப் பேட்டரியில் போட்டு எடுத்தால், போகும் வழியில் ஒரு பகுதி இழப்பாகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவும் கிடைக்கும் நம் மாநிலத்தில், கட்டணத்தைக் குறைப்பதற்காக மட்டும் வீட்டுக்குப் பேட்டரி வாங்குவது கட்டுப்படியாகாது. மின்தடையில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வாங்குங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பொருத்துகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், கடலூர்

பதில்: நம் வீடுகளில் பழைய இன்வெர்ட்டருக்கு ஒயரிங் செய்தபோது, மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டும் தனியாக இழுத்துவிட்டு, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியை எல்லா அறைகளுக்கும் பொதுவாக விட்டிருப்பார்கள். ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் மின்தடையின்போது மின்சாரம் தரும் பக்கத்துக்கு நியூட்ரலும் தனியாக இருக்க வேண்டும்; கலந்திருந்தால், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் அடிக்கடி விழும், அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாது. இதைப் பிரித்துத் தருவது ஒரு நாள் வேலை. அதைத் தவிர்க்கத்தான் பலரும் பார்ப்பார்கள். விடாதீர்கள். தகடுகளுக்கும், இன்வெர்ட்டருக்கும், இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் கம்பி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பேட்டரியில் மீதம் எவ்வளவு என்று திரையில் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், நிறுவியவர் பக்கத்தில் இருக்கும்போதே, மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியும் ஓடுகிறதா, குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் தொடங்கும்போது விளக்கு மங்குகிறதா, பகலில் தகடுகளிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா என்று அரை மணி நேரம் கவனியுங்கள். அன்றிரவு எட்டு மணிக்கு மறுபடியும் ஒருமுறை அணைத்து, விடியும்வரை அப்படியே விடுங்கள். காலையில் மீதமிருக்கும் விழுக்காட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் இதே சோதனையைச் செய்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.