வார்ஃபரின் என்ற பெயரில் போர் இருக்கிறதா?

கேள்வி இது: "அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியபின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்தார்கள். சேலம் ஐந்து ரோட்டில் மாத்திரை வாங்கும்போது பக்கத்தில் நின்றவர், 'இது எலிமருந்தாச்சே' என்றார். வார் என்றால் போர்தானே?"

போர் இல்லைங்க, ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர்களின் பெயர். விஸ்கான்சின் அலம்னை ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்பதன் நான்கு ஆங்கில முதலெழுத்துகள்தான் 'வார்ஃப்'. 'அரின்' என்பது கூமரின் என்ற வேதிப்பொருளின் பெயரிலிருந்து வந்த வால். அந்தக் கூமரினும் வேடிக்கையான சொல்: தென்னமெரிக்கப் பழங்குடிகள் டோங்கா மரத்தை அழைத்த பெயர், பிரெஞ்சு வழியாக வேதியியலுக்குள் வந்துவிட்டது.

1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி, உறையாத ரத்தத்தைப் பால் கேனில் சுமந்துகொண்டு (நம் ஊரில் சொசைட்டிக்குப் பால் போவதுபோல) விஸ்கான்சின் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே நடந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலிமருந்து, 1954-ல் மனிதருக்கும் மருந்து.

ஆக, பக்கத்தில் நின்றவர் சொன்னது சரிதான். அதற்காக அப்பா மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அளவுதான் விஷயம், அதற்குத்தான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி.