சேற்றுக் காற்சட்டையைத் தோய்த்தது யார்?

அன்புள்ள அண்ணா,

வயல் வேலை பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்று போன மாதம் நீங்கள் எழுதியதை வாசித்தேன். பத்து வயதில் அப்பாவோடு இரவில் இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்கு வயலுக்குத் தண்ணி மாறப் போனது, நெல்லுப் பிரிக்கச் சூடு மிதிக்கிற காலத்தில் களத்திலேயே படுத்தது எல்லாம் நன்றாக இருந்தது. ஒன்று மட்டும் கேட்கிறேன். சேற்றோடு வீட்டுக்கு வந்த உங்கள் காற்சட்டையைத் தோய்த்தது யார்? கட்டுரையில் அவரைக் காணவில்லை.

எனக்கு 13 வயதில் ஒரு மகள், 11 வயதில் ஒரு மகன். விடிய நாலரைக்கு மகள் என்னோடு எழும்புவாள். முற்றம் கூட்டி, தேங்காய் துருவி, தம்பிக்கும் தனக்கும் சாப்பாடு கட்டி ஆறரைக்குப் பள்ளிக்கூடம் போவாள். பின்னேரம் வந்தால் தண்ணி, பாத்திரம், இரவுச் சமையல். மகனுக்கு மாட்டைப் பிடித்துக் கட்டுகிற வேலை மட்டும்தான். கோப்பைகளைக் கழுவு என்று அவனிடம் சொன்னேன். மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஒழுங்கை முழுக்கச் சொல்லியும் விட்டார். நான் செய்தது பிழையா?

ஒரு தாய், விசுவமடு

அன்புத் தங்கச்சிக்கு,

அக்காதான் தோய்த்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

வயல் சேறு காய்ந்துவிட்டால் லேசில் துணியை விட்டுப் போகாது. அக்கா கிணற்றடியில் குந்தியிருந்து, முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, பொக்கெற்றையும் மடிப்புகளையும் வெளியே புரட்டி நகத்தால் சுரண்டுவார். அதற்குப் பிறகுதான் சவர்க்காரம். அவருடைய நகங்களுக்குள் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அந்த நேரம் நான் குசினி வாசலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "பிள்ளை களைச்சுப்போய் வந்திருக்கிறான்" என்று அம்மா முதல் சோற்றை எனக்குத்தான் போடுவார். அன்று பகல் முழுக்க அதே வயலில் அக்காவும் புல்லுப் பிடுங்கியவர். இதையெல்லாம் கண்ணால் கண்டவன் நான். எழுதும்போது விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டது சரி.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அக்காவுக்குப் போன் எடுத்தேன். தோய்த்தது அவருக்குப் பெரிதாக நினைவில்லை. "உன்னை இரவில வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போவினம். எனக்கு அதுதான் ஆசையாக் கிடந்தது, ஒருநாளும் கேக்கேல்லை" என்றார். நாற்பது வருடம் கழித்து அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் செய்த வேலைக்கு ஒரு முடிவு இருந்தது. தண்ணி மாறினால் முடிந்தது, வீட்டுக்கு வரலாம். அதற்குப் பெயரும் இருந்தது, ஊரில் நாலு பேர் சொல்லவும் செய்தார்கள். அக்காவின் வேலை பாய் போடும்வரை முடியாது. அதை யாரும் வேலை என்றும் சொல்லவில்லை. "வீட்டில நிக்கிறாள்" என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் மகளின் நேரத்தை ஒருக்கால் கூட்டிப் பார்த்தேன். விடியப்புறம் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் குறைந்தது ஒன்றரை. பள்ளிக்கூட நாள் ஐந்துக்கும் பதினேழரை. சனி, ஞாயிறைச் சேர்த்தால் 21ஐத் தாண்டிவிடும். 5 முதல் 14 வயதுப் பிள்ளை கிழமைக்கு 21 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் சொந்த வீட்டில் வேலை செய்தால் அதையும் சிறுவர் உழைப்பாக எண்ணும் ஒரு கணக்கு ஐ.நா.வில் இருக்கிறது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 2021இல் 14இலிருந்து 16 ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டம் உங்கள் குசினிக்குள் வராது. உங்களில் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்களும் அதே நாலரைக்குத்தானே எழும்புகிறீர்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு நம் வன்னியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். செட்டிகுளம் அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்களில் ஆண் இல்லை. பெண்கள் மண்வெட்டி பிடித்தார்கள், கூலிக்குக் கல் சுமந்தார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கண்ணிவெடி அகற்றப் போனார்கள். நாள் முழுக்க வெயிலில் முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிவிட்டு வந்து, அதே கையால் அடுப்பு மூட்டினார்கள். ஆணின் வேலைக்குப் பெண் போகலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது, வேறு வழி இருக்கவில்லை. பெண்ணின் வேலைக்கு ஆண் வருவதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீடுகளில் பெடியன்களும் தப்பவில்லை. "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். மண் ஏற்றவும் மேசன் வேலைக்குக் கையாளாகவும் போய்ப் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் சிலரை எனக்கே தெரியும். சோறு வடிக்கத் தெரியாமலே அவர்கள் குடும்பத்தைச் சுமந்தார்கள்.

மாமியிடம் கோபப்படாதீர்கள். அவர் வளர்ந்த விதம் அது. ஒன்றை மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: கோயில் அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சோறு போடுவது யார், சாம்பாரைக் கிண்டுவது யார்? நம் ஊர்க் கோயில்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள்தான் நிற்பார்கள். ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. ஆயிரம் பேருக்குச் சமைத்தால் மதிப்பு, ஐந்து பேருக்குச் சமைத்தால் வெட்கம் என்பது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மகனுக்குக் கோப்பை கழுவுவதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் சொல்லி அவன் செய்தால், நினைத்து வைத்திருக்கும் வேலை உங்களுக்கும் மகளுக்கும்தான். இரவுச் சோற்றை முழுதாக அவனிடம் கொடுங்கள். அரிசி அளந்து, கல் பார்த்து, கழுவி, உலையில் போட்டு, வடித்து, கடைசியில் பானையைத் தேய்த்துக் கவிழ்ப்பது வரைக்கும். முதல் கிழமை வடிக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள், கஞ்சி கையில் ஊற்றுப்பட்டுவிடும். சோறு குழையும், சில நாள் அடிப்பிடிக்கும். பேசாமல் சாப்பிடுங்கள். அரிசி வாளி அடியைத் தொடும் நாளில் "அம்மா, அரிசி முடியப் போகுது" என்று அவனாகவே வந்து சொல்லவேண்டும். அதுவரைக்கும் விடாதீர்கள். அந்த ஒரு மணித்தியாலம் மகளுக்குப் படிக்கவோ சும்மா இருக்கவோ கிடைக்கட்டும். சும்மா இருந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். மாட்டை அவள் ஒருநாள் போய்ப் பிடித்துக் கட்டிவிட்டு வரட்டும், ஒருவேளை அவளுக்கும் அந்த ஆசை இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் காணி பெர்மிட் காணியா, அதாவது அரசாங்கம் அனுமதிப் பத்திரம் கொடுத்த காணியா? குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு உரிய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, எழுதி வைக்காமல் காணிக்காரர் இறந்தால் பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்று இருந்தது. வயலில் புல்லுப் பிடுங்கிய மகள் மூத்தவளாக இருந்தாலும் தம்பிக்குப் பின்னால்தான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். எங்கள் காணி அதற்கு முன்பே என் பெயருக்கு வந்துவிட்டது. அக்காவை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கிழமை வட்டக்கச்சிக்குப் போய் அதைப் பற்றி அவரோடு கதைக்கப்போகிறேன்.

நீங்களும் பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுக்கு ஒருக்கால் போய் வாருங்கள். உங்கள் பெர்மிட்டில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தால் கணவரோடு இருந்து கதையுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அன்புடன்,
அண்ணா