லண்டனில் ஒரு பேட்டைக்குத் தனி மன்றம்

கேள்வி: லண்டன் மாதிரி பெருநகரத்தில், எங்கள் பேட்டைக்கு மட்டும் பாரிஷ் கவுன்சில் (மக்கள் தேர்ந்தெடுக்கும், மிகச் சிறிய உள்ளாட்சி மன்றம்) அமைக்க முடியுமா? தேர்தல் எப்படி?

பதில்: தாராளமாக முடியும். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு லண்டனில் இதற்கு இடமே இல்லாமல் இருந்தது. 2007-இல் வந்த சட்டம்தான் வழிவிட்டது. முதல் வேலை மனு. 2,500 வாக்காளர்களுக்கு மேல் உள்ள பகுதி என்றால் 7.5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் பரோ கவுன்சில் (லண்டனின் ஒவ்வொரு மாவட்டத்தையும் நிர்வகிக்கும் உள்ளாட்சி மன்றம்) ஆய்வு நடத்தி, மக்களிடம் கருத்துக் கேட்டு, 12 மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், ஆனால் அந்த முடிவு உங்களுக்குச் சாதகமாக வரும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் கையெழுத்தோடு நிற்காமல் வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரைச் சேர்ந்த குயின்ஸ் பார்க் பேட்டை மக்கள் 2012 வாக்கெடுப்பில் ஜெயித்து, 2014 மே மாதம் முதல் தேர்தலைக் கண்டார்கள்.

தேர்தல் எளிதுதான். குறைந்தது 5 உறுப்பினர்கள், பதவிக்காலம் வழக்கமாக 4 ஆண்டு. வேட்பாளரை உள்ளூர் வாக்காளர் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்தால் போதும், டெபாசிட் கிடையாது. பாரிஷ் கவுன்சிலின் செலவுக்கான பணம் கவுன்சில் வரியோடு (வீடுகளுக்கான உள்ளாட்சி வரி) சேர்த்துத்தான் வசூலாகும், இதை மக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.