'ஒரு சில மட்டுமே' வந்தா ஏன் மார்க் போகுது?

கேள்வி: பேங்க் கிளர்க் பிரிலிம்ஸுக்கு படிக்கிறேன் சார். சிலாஜிசத்துல, அதான் ரெண்டு மூணு வாக்கியம் குடுத்து எந்த முடிவு பொருந்தும்னு கேக்குற கேள்வில, 'ஒரு சில பேனாக்கள் மட்டுமே புத்தகங்கள்'னு வந்தாலே தப்பாகுது. ஒரு பிடிஎஃப்ல ஒரு ஆன்சர், இன்னொண்ணுல வேற ஆன்சர். ஒரு கோச்சிங் சென்டர்ல 100 ஷார்ட்கட் 3000 ரூபாய்ங்கிறாங்க, வாங்கலாமா?

வாங்காதீங்க தம்பி. பரீட்சைல எந்த ஷார்ட்கட்னு 100ல தேடறதுக்குள்ள ரீசனிங்குக்கான 20 நிமிஷம் முடிஞ்சிரும், அதுல மொத்தம் 35 கேள்வி, தப்பு ஒண்ணுக்கு கால் மார்க் கட்.

பரீட்சைல வெறும் 'சில'ன்னா குறைஞ்சது ஒண்ணு, எல்லாமேயா கூட இருக்கலாம். 'ஒரு சில மட்டுமே'ன்னா கதை வேற, ஒரே வாக்கியத்துல ரெண்டு தகவல் இருக்கு: சில பேனா புத்தகம், சில பேனா புத்தகம் இல்ல. அதனால 'எல்லா பேனாவும் புத்தகமாக இருக்க வாய்ப்புண்டு'ன்னா கண்ண மூடிட்டு தப்பு. ஆனா 'எல்லா புத்தகமும் பேனாவாக இருக்க வாய்ப்புண்டு'ன்னு திருப்பி கேட்டா சரி, ஏன்னா பூட்டு பேனா பக்கம்தான், புத்தகத்த பத்தி அந்த வாக்கியம் அப்படி எதுவும் சொல்லல. உங்க ரெண்டு பிடிஎஃப்பும் அடிச்சிக்கிறது பெரும்பாலும் இந்த எடத்துலதான் இருக்கும்.

பேனாவுக்கு ஒரு வட்டம், புத்தகத்துக்கு ஒரு வட்டம்னு படம் போடும்போது, குடுத்த வாக்கியத்த மீறாம முடிவ உடைக்கப் பாருங்க. உடையுற மாதிரி ஒரே ஒரு படம் போட முடிஞ்சாலும் அது பொருந்தாது. 'வாய்ப்புண்டு'ன்னு கேட்டா தலைகீழ், பொருந்துற மாதிரி ஒரு படம் கிடைச்சா போதும்.

அடுத்து 'ஏதாவது ஒன்று பொருந்தும்'ங்கிற ஆப்ஷன். இதுலதான் நல்லா படிக்கிற பசங்களே விழறாங்க. கேள்வில குடுத்தது: எல்லா டீயும் காபி, சில காபி பால். முடிவு ஒண்ணு: சில டீ பால். முடிவு ரெண்டு: எந்த டீயும் பால் இல்ல. தனித்தனியா ரெண்டும் பொருந்தாது, ஆனா ரெண்டுல ஒண்ணு உண்மையா இருந்தே ஆகணும், அதனால 'ஏதாவது ஒன்று'. முதல் முடிவ 'சில பால் டீ'ன்னு திருப்பி போட்டாலும் அதேதான். ஆனா அந்த எடத்துல 'எல்லா டீயும் பால்'னு இருந்தா செல்லாது, பாதி டீ பாலா இருந்து பாதி இல்லாம போனா ரெண்டு முடிவுமே அவுட். 'எல்லா டீயும் பால்', 'சில டீ பால் இல்ல' இது செல்லும். ரெண்டாவத 'சில பால் டீ இல்ல'ன்னு திருப்பிட்டா மறுபடி செல்லாது. இத நாலு தடவ கையால வரைஞ்சு பாருங்க, படிச்சா ஏறாது.

நிபந்தனை கேள்விக்கு ஒரு வரி போதும். 'மேனேஜர் வந்தால் மட்டுமே மீட்டிங்'னா, மீட்டிங் நடந்திருந்தா அவர் வந்திருக்கார். அவர் வந்துட்டார்ங்கிறதால மீட்டிங் நடந்தே தீரும்னு இல்ல.

இந்த பிடிஎஃப் குழப்பத்துக்கெல்லாம் பரீட்சைய நடத்துற ஐபிபிஎஸ்தான் மூலகாரணம்னு சொல்வேன். பரீட்சை முடிஞ்சா கேள்வித்தாளும் வெளியிடறதில்ல, ஆன்சர் கீயும் தர்றதில்ல, ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்கிக்கிறாங்க. எழுதிட்டு வந்த பசங்க ஞாபகத்துல இருந்து சொல்றத எவனோ டைப் பண்ணி, அவனே ஒரு ஆன்சரும் போட்டு டெலிகிராம்ல காசுக்கு விக்கிறான், அதுல 'ஒரு சில மட்டுமே' வெறும் 'சில'வா மாறியிருக்கும், நீங்க ராத்திரி பூரா உக்காந்து தலைய பிச்சுக்குவீங்க. கிளர்க்குக்கு தமிழ்ல எழுதலாம்னு 2021ல கொண்டு வந்தாங்க, பிஓ, அதான் ஆபிசர் வேலை பரீட்சைக்கு இன்னும் இங்கிலீஷும் ஹிந்தியும்தான், அத கேக்க ஆளில்ல. கிளர்க்ங்கிற பேர கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்னு மாத்த மட்டும் நேரம் இருந்திருக்கு.

கடைசியா ஒண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஷார்ட்கட் விக்கிற சில எடத்துலயே 'மேல ஆள் இருக்கு, இன்டர்வியூல பாத்துக்கலாம், ரெண்டு லட்சம் ரெடி பண்ணுங்க'ன்னு மெதுவா ஆரம்பிப்பாங்க. கிளர்க் செலக்‌ஷன்ல இன்டர்வியூவே கிடையாது தம்பி, பிரிலிம்ஸ், மெயின்ஸ், தமிழ் தெரியுமான்னு ஒரு டெஸ்ட், அவ்ளோதான். அந்த பேச்சு வந்தா அப்பாகிட்ட சொல்லிட்டு கெளம்பி வந்துருங்க, 3000 கட்டியிருந்தாலும் போனா போகுது.