கூரைப் பஞ்சு நனைந்துவிட்டதா? கேட்டவையும் என் பதில்களும்

திருப்பூர், கோவைப் பக்கம் தகரக் கூரைகளுக்கு அடியில் வெக்கை தடுக்கும் பஞ்சு (கிளாஸ் வூல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு போன்றவை) பதிப்பது என் தொழில். ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த கேள்விகள் இவை.

பல்லடத்திலிருந்து: அண்ணா, பனியன் கம்பெனிக் கூரை ஒழுகி, ஃபால்ஸ் சீலிங் மேலே இருந்த கிளாஸ் வூல் நனைஞ்சிருச்சுங்க. வெயில் வந்தா தானா காஞ்சுருமுங்களா?

காயாதுங்க. ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால், அது மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் ஈரமாகவே கிடக்கும். நனைந்த 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். கண்ணாடி இழையைப் பூசணம் தின்னாதுதான். ஆனால் அதில் படிந்த தூசியும், மேலே ஒட்டிய காகிதமும் அதற்குச் சோறு. பனியன் கம்பெனியில் எவ்வளவு தூசி படியும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், நனைந்து சப்பிப்போன பஞ்சு வெக்கையையும் சரியாகத் தடுக்காது. ஈரம் தெரிகிற இடத்தைத் தாண்டி ஓர் அடி சேர்த்து வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: எடுக்கும்போது என்னென்ன பாத்துக்கணுமுங்க?

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். என்-95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும். பூசணம் கண்ணில் பட்டால் ஃபேன் போடவே கூடாது. அடுத்த அறைக்கும் பறந்துவிடும். மேலேயே பாலிதீன் பையில் கட்டி இறக்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: எங்க வீட்ல தெர்மாகோல்ங்க. அதையும் வீசணுமா?

வேண்டாம். கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டலாம். அதன் பின்னால் தேங்கிய ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும். சீலிங்கில் மாட்டிய ஜிப்சம் போர்டு ஊதியிருந்தாலோ பூசணம் பிடித்திருந்தாலோ மாற்றுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: பிளீச்சிங் பவுடர் தெளிச்சு, மேலே பெயிண்ட் அடிச்சா போதாதா?

போதாது. தகரத்தையும் காங்கிரீட்டையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம். பஞ்சுக்குள் இறங்கிய பூசணத்துக்குப் பிளீச்சிங் எட்டாது. பிளீச்சிங்கோடு ஆசிட் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

அவிநாசியிலிருந்து: புதுப் பஞ்சு எப்ப வைக்கலாமுங்க?

ஒழுகலை அடைத்து, உள்ளே முழுதும் காய்ந்த பிறகு. பெரும்பாலும் திருகாணிக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர் வெடித்துத்தான் ஒழுகும். ஒருமுறை வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்று இரண்டே நாளில் மூடிவிட்டேன். ஒரு மாதத்தில் மக்கல் வாடை. போர்டைக் கழற்றினால் பின்பக்கம் முழுக்க மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளி. அன்றிலிருந்து காங்கிரீட் கூரை என்றால், ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விடுகிறேன். காலையில் தாளின் உள்பக்கம் துளி கோத்திருந்தால் அன்றைக்கு மூடுவதில்லை.