சிஎன்சி மில்லில் (கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் வெட்டும் மெஷின்) கதவு சுவிட்ச் இருந்தால் அவசரப் பொத்தான் தேவையில்லையா?

இரண்டுமே வேண்டும், இரண்டின் வேலையும் வேறு.

மெஷினை இயக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல் (Grbl) 1.1-ல் கதவு சுவிட்ச் இயங்கினால் அச்சுகள் வேகம் குறைந்து நிற்கும், அப்புறம் ஸ்பிண்டில், அதாவது வெட்டும் கருவியைச் சுழற்றும் பகுதி, அணையும். இருப்பிடம் தவறாததால் கதவை மூடி, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால் ஆர்டுயினோ ஊனோ போர்டில் கதவு சுவிட்சை இணைக்கும் பின் (pin) இயல்பாக ஃபீட் ஹோல்டுக்குத்தான், அதாவது அச்சுகளின் நகர்வை மட்டும் நிறுத்திவைப்பதற்குத்தான். கான்ஃபிக் கோப்பில் கதவு வசதியை இயக்கி, ஜிஆர்பிஎல்லை போர்டில் மறுபடி ஏற்ற வேண்டும். வெறும் ஃபீட் ஹோல்டில் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், தயவுசெய்து கையை உள்ளே விடாதீர்கள்.

அவசரப் பொத்தானை மென்பொருளை நம்பி விடக் கூடாது. காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச்) வழியாக ஸ்பிண்டில், மோட்டார் மின்சாரத்தையே அது வெட்ட வேண்டும்; பொத்தானை விடுவித்தாலும் மெஷின் தானாக ஓடக் கூடாது. இருப்பிடம் போய்விடும், சரி, மறுபடி ஹோமிங் செய்துகொள்ளலாம், அதாவது அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் இருப்பிடத்தை மீட்கலாம். இரண்டுக்கும் என்சி (normally closed, இயல்பில் சுற்று மூடியிருக்கும்) வகை சுவிட்சே போடுங்கள், வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும்.